ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்

‘ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. வாழ்வும் தாழ்வும் மாறி மாறி வரும் என்பதை உணர்த்தவே பெரியோர் இதைச் சொல்வர். ஆனால் எங்கள் வகுப்பைப் பொறுத்தவரை இப்பழமொழி உவமையாக அன்று, உண்மையாகவே நடந்தேறியது. எங்கள் ஓடம் வண்டியில் ஏறிற்று. ஒருமுறை உடைந்து இறங்கிற்று. மறுமுறை முழுதாக இறங்கிற்று. இவ்விரண்டு பயணங்களுக்கும் இடையில் நாங்கள் கற்றுக்கொண்டதை நம் பள்ளித் தங்கையரும் பெற்றோரும் அறியும்படி இங்கே எழுதுகிறோம். பெரிய மாதிரிப் படகு ஒன்றைக் காரில் எடுத்துச் செல்ல வேண்டிய நாள் உங்களுக்கும் வரலாம். படகாக இல்லாவிடினும், கிறிஸ்துமஸ் குடிலோ, ஆலய மாதிரியோ, அறிவியல் கண்காட்சிப் பொருளோ எதுவாயினும் இம்முறைகள் உதவும்.

எங்கள் தோணி

நம் தூத்துக்குடிக் கரையிலிருந்து பாய்விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற தோணிகளைப் பற்றி அறியாதார் இல்லை. மரத்தாலான அத்தோணிகளைக் கட்டும் தச்சரை நம் ஊரில் ஓடாவி என்று அழைப்பர். எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா அத்தகைய ஓடாவி. சென்ற ஆண்டு கடல் வணிகம் பற்றிய கண்காட்சிக்காக அவரிடம் சென்று, ஒரு மாதிரித் தோணி செய்து தருமாறு வேண்டினோம். “செஞ்சு தரமாட்டேன், கூட இருந்து செய்யுங்க, சொல்லித் தாரேன்” என்றார் தாத்தா. அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கி ஆண்டுகள் சில ஆகிவிட்டன. உளி பிடிப்பது அவர்; பிடித்த மரம் அசையாமல் பார்த்துக்கொள்வது நாங்கள்.

சனிக்கிழமைதோறும் அவர் வீட்டு முற்றத்தில் கூடினோம். முதலில் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏரா மரம். அதன்மேல் விலா எலும்புகளைப் போல் வங்குகள். வங்குகளின்மேல் பலகைகள். முன்புறம் அணியம், பின்புறம் பின்னணியம், அதில் சுக்கான். நடுவில் பாய்மரம், அதில் பாயைத் தாங்கும் பருமல். பருமலை ஏற்றி இறக்க ஆஞ்சான் கயிறு. ஆறு மாதங்கள் சென்றன. தோணி 5 அடி நீளம், 1 அடி 4 அங்குல அகலம், 1 அடி 3 அங்குல உயரம் கொண்டதாக உருப்பெற்றது. பாய்மரம் மட்டும் 4 அடி. எடை 14 கிலோ. கடைசி நாளன்று தாத்தா உளியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, “இதுதான் நான் கட்டுற கடைசித் தோணி” என்றார். நாங்கள் அதை அப்போது பெரிதாக எண்ணவில்லை.

மூன்று கிலோமீட்டர்

தாத்தா வீட்டிலிருந்து பள்ளிக்குத் தூரம் 3 கிலோமீட்டர். ‘இவ்வளவு தூரத்திற்கு என்ன ஏற்பாடு வேண்டும்?’ என்று எண்ணினோம். தோழியின் தந்தை தம் காரைக் கொண்டுவந்தார். தோணி நேராக நுழையவில்லை. ஆகவே பாய்மரத்தோடு அதனைச் சாய்த்து உள்ளே தள்ளினோம். அணியம் முன்னிருக்கைகளுக்கு இடையில் நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் அமர்ந்த நாங்கள் மூவர் அதை மடியில் வைத்து இரு விளிம்புகளையும் இறுகப் பிடித்துக்கொண்டோம். தோணி நீரில் சாயாமலிருக்க உள்ளே வைத்த மணல் பை அப்படியே கிடந்தது.

பாதி வழியில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. கார் சட்டென நின்றது. தோணி நிற்கவில்லை. எங்கள் கைகளை உதறிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. பாய்மரம் இருக்கையின் முதுகில் மோதி இரண்டாக முறிந்தது. மணல் பை உள்ளுக்குள் உருண்டு அணியத்தில் இடித்ததால் மூன்று பலகைகள் வங்குகளைவிட்டு வாய் பிளந்தன. ஆறு மாத உழைப்பு ஒரு நொடியில் போயிற்று. ஓட்டியவர் மீது குற்றமில்லை. மாட்டின் மீதும் குற்றமில்லை. குற்றம் முழுவதும் எங்களுடையதே.

அழுதுகொண்டே தோணியைத் தாத்தாவிடம் திரும்பக் கொண்டுபோனோம். கடிந்துகொள்வார் என்று நடுங்கினோம். அவர் உடைந்த இடங்களை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, “ஏ பிள்ளைகளா, கடலு தோணிய எங்க பிடிக்குது?” என்று கேட்டார்.

“அடியில், தாத்தா.”

“அடியில எங்க?”

சற்று யோசித்து, “எல்லா இடத்திலும்” என்றோம்.

“நீங்க எங்க பிடிச்சீங்க?”

நாங்கள் பதில் சொல்லவில்லை. பிடித்தது விளிம்பில், ஆறு கைகளால், ஆறே இடங்களில்.

“கரைக்கு வந்த தோணிக்குக் கடலு கிடையாது. கடலு செய்யுற வேலைய நீங்கதான் செய்யணும்” என்றார் தாத்தா. பெரிய மாதிரிப் படகைக் காரில் கொண்டுசெல்லும் கலை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. இனி நாங்கள் எழுதப்போவதெல்லாம் இதன் விளக்கமே.

உடைந்ததன் காரணம்

எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் மூன்று காரணங்களைக் கரும்பலகையில் எழுதி விளக்கினார்.

முதல் காரணம், தாங்கும் முறை. 14 கிலோ எடையுள்ள தோணி குளத்து நீரில் மிதக்கும்போது 14 லிட்டர் நீரை விலக்கி, அந்த நீரின் எடைக்குச் சமமான விசையால் தாங்கப்படுகிறது. ஆர்க்கிமிடீஸ் கண்ட இவ்வுண்மையை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். அவ்விசை ஓர் இடத்தில் குவிவதில்லை. நீரில் அமிழ்ந்த பகுதி முழுவதும் பரவி நிற்கிறது. தரையிலோ இருக்கையிலோ வைத்தால், தொட்ட இரண்டொரு இடங்களே எடை முழுவதையும் சுமக்கின்றன.

இரண்டாவது காரணம், அளவு. சிறிய காகிதக் கப்பலை உள்ளங்கையில் ஏந்தி ஓடலாம். பெரியதை அவ்வாறு செய்ய முடியாது. ஏன்? நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்கினால் எடை 8 மடங்காகிறது. ஆனால் மரத்துண்டுகளின் குறுக்குவெட்டுப் பரப்பு 4 மடங்குதான் கூடுகிறது. ஆகவே பெரியது தன் எடையைத் தாங்குவதில் சிறியதைவிட வலுக்குறைந்தது. 1638-ஆம் ஆண்டு கலிலியோ வெளியிட்ட ‘இரண்டு புதிய அறிவியல்கள்’ என்னும் நூல் வெனிஸ் நகரக் கப்பல் கட்டும் தளத்தைப் பற்றிய பேச்சுடன்தான் தொடங்குகிறது. சிறிய படகைவிடப் பெரிய கப்பலைக் கடலில் இறக்கும்போது ஏன் அத்தனை பெரிய முட்டுக்கட்டைகளும் சாரங்களும் தேவைப்படுகின்றன என்பதை அவர் அங்கே ஆராய்கிறார். அம்முட்டுகள் இல்லையேல் கப்பல் தன் எடையாலேயே பிளந்துவிடக்கூடும். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் வெனிஸ் தச்சர் அறிந்திருந்ததை எங்கள் தாத்தாவும் அறிந்திருந்தார், நாங்கள்தாம் அறியவில்லை.

மூன்றாவது காரணம், நிலைமம். நியூட்டன் 1687-இல் வெளியிட்ட முதல் விதிப்படி, இயங்கும் பொருள் புறவிசை தடுக்கும்வரை இயங்கிக்கொண்டேயிருக்கும். கார் நின்றாலும் தோணி நிற்காததற்கு இதுவே காரணம். திடீரென பிரேக் பிடிக்கும்போது காரின் வேகம் வினாடிக்கு 7 மீட்டர் வீதம் குறைகிறது என்று கொள்வோம். 14 கிலோ தோணியை நிறுத்தத் தேவையான விசை 14 × 7 = 98 நியூட்டன். அதாவது 10 கிலோ அரிசிப் பை ஒன்று நம்மை முன்னால் இழுப்பதற்குச் சமம். எதிர்பாராத நேரத்தில் இதைக் கைகளால் தடுக்க முடியுமா? மோதல் ஏற்பட்டாலோ கணக்கு இன்னும் கடுமையாகும். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். அவ்வேகத்தில் செல்லும் தோணியில் உள்ள ஆற்றல், 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து விழும் தோணியின் ஆற்றலுக்குச் சமம். அது யார் தலையில் விழும் என்று எண்ணிப் பார்த்தபோது, அன்று உடைந்தது பாய்மரம் மட்டுமே என்பதற்காக இறைவனுக்கு நன்றி கூறினோம்.

தாத்தா தோணியைச் செப்பனிட மேலும் இரண்டு மாதங்கள் ஆயின. இம்முறை கண்காட்சி பாளையங்கோட்டையில். தூரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மூன்று கிலோமீட்டரில் உடைத்தவர்கள் ஐம்பது கிலோமீட்டர் கொண்டுபோவதா என்று சிலர் நகைத்தனர். நாங்கள் கீழ்க்கண்டவாறு செயற்பட்டோம்.

முதலில் அளவெடுங்கள்

தோணியை அளப்பதற்கு முன் காரை அளக்க வேண்டும். உள்ளே இருக்கும் இடத்தைவிடக் கதவின் வாயே முக்கியம். உள்ளே தாராளமாக இடமிருந்தும் வாசல் குறுகலாக இருந்தால் பயனில்லை. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் பெரிய கார் ஒன்றைத் தோழியின் தந்தை தம் நண்பரிடமிருந்து பெற்றுத் தந்தார். அதன் பின்வாயில் 2 அடி 8 அங்குல உயரம், 3 அடி 4 அங்குல அகலம். கடைசி இருக்கையையும் நடு இருக்கையின் பெரிய பகுதியையும் மடக்கியபோது உள்ளே 6 அடி 3 அங்குல நீளம் கிடைத்தது. அட்டைப் பெட்டிகளைப் பிரித்து ஒட்டித் தோணியின் அளவுக்கு ஒரு வெற்று அட்டைத் தோணி செய்து, அதனை முதலில் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். அட்டை மடங்கினால் நட்டமில்லை அல்லவா?

அளவு பொருந்தவில்லையெனில் பின்கதவைத் திறந்து வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு போகலாம் என்று சிலர் சொல்வர். அது கூடாது. புகை உள்ளே வரும். பொருளும் வெளியே வழுக்கி விழலாம். கூரைமேல் வைப்பதும் நல்லதன்று. வேகம் இரு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். காருக்குள் அடங்காத படகுக்குக் குட்டியானை வண்டியை ஏற்பாடு செய்வதே அறிவுடைமை.

கழற்ற முடிந்ததைக் கழற்றுங்கள்

உடைவது எப்போதும் நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பே. ஆகவே பாய்மரம், பருமல், சுக்கான், நங்கூரம் ஆகியவற்றைத் தனியே எடுத்துவிட வேண்டும். செப்பனிடும்போது தாத்தா பாய்மரத்தின் அடியை ஒரு குழிக்குள் நிற்கும்படி மாற்றி அமைத்தார். கயிறுகளின் நுனியில் முடிச்சுக்குப் பதில் சிறு கொக்கிகள் போட்டோம். பெரிய மாதிரியைச் செய்யத் தொடங்கும் நாளிலேயே, அது எப்படிக் கழலும், எப்படிப் பயணம் செய்யும் என்று எண்ணிச் செய்வதே சிறந்தது. இதை நாங்கள் காலந்தாழ்த்தி உணர்ந்தோம்.

கழற்றுமுன் நான்கு பக்கங்களிலிருந்தும் படம் எடுத்து வைத்தோம். ஒவ்வொரு கயிற்றிலும் எண் எழுதிய துணித்துண்டைக் கட்டினோம். அதே எண்ணைத் தோணியில் அது சேரும் இடத்திலும் ஒட்டினோம். கயிறுகள் சிக்குப்படாதிருக்க அவற்றைப் பாய்மரத்தோடு சேர்த்துப் பழைய வேட்டித் துணியால் சுற்றி, ஒரு பி.வி.சி. குழாய்க்குள் செலுத்தி, இரு வாய்களையும் துணியால் அடைத்தோம். பாயைச் சுருட்டி வைத்தோம். மடித்தால் சுருக்கம் போகாது. மணல் பையைத் தோணியிலிருந்து எடுத்துக் காரின் தரையில், முன்னிருக்கையின் முதுகை ஒட்டிப் பத்திரப்படுத்தினோம். படகுக்குள் தளர்ந்து கிடக்கும் கனமான பொருள் படகுக்கே சம்மட்டியாக மாறும் என்பதை எங்களைவிட நன்கு அறிந்தவர் யார்?

தோணிக்கு ஒரு தொட்டில்

இதுவே எல்லாவற்றிலும் தலையாயது. தொட்டில் என்பது தோணியின் அடிவடிவத்திற்கு ஏற்ப வெட்டப்பட்ட தாங்கிகள் பொருத்திய ஒரு பலகை. எங்கள் அடிப்பலகை 5 அடி 6 அங்குல நீளம், 1 அடி 8 அங்குல அகலம் கொண்ட பிளைவுட். தோணியைவிட எல்லாப் பக்கமும் சற்றே பெரியது. எங்கே இடித்தாலும் முதலில் அடிபடுவது பலகையே, தோணி அன்று.

தோணியின் அடிவடிவத்தை எப்படி எடுப்பது? எளிதில் வளையும் தடித்த செம்புக் கம்பி ஒன்றைத் தோணியின் அடியில் குறுக்காக வைத்து அழுத்தி வளைக்க வேண்டும். வளைந்த கம்பியை மெல்ல எடுத்து அட்டையில் வைத்துக் கோடிட்டு வெட்ட வேண்டும். அட்டை பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகே பலகையை வெட்டலாம். மெத்தை ஒட்டுவதற்காகக் கால் அங்குலம் கூடுதலாக வெட்டிக்கொள்ள வேண்டும். நாங்கள் பழைய கம்பளியை இரண்டாக மடித்து ஒட்டினோம்.

தாங்கிகளை எங்கே வைப்பது? ஒரே பருமனுள்ள நீண்ட சட்டத்தை இரண்டு தாங்கிகளில் வைத்தால், ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலான தூரத்தில் அவை இருப்பது நல்லது. முனைகளில் மட்டும் தாங்கினால் நடுப்பகுதி தொய்யும். நடுவில் மட்டும் தாங்கினால் முனைகள் தொங்கும். எங்கள் தோணி 60 அங்குலம். ஆகவே இரு முனைகளிலிருந்தும் ஏறக்குறைய 13 அங்குலத் தூரத்தில் ஒவ்வொரு தாங்கி; நடுவில் மூன்றாவது ஒன்று. மூன்றையும் வங்குகள் இருக்கும் இடத்திற்கு நேர் கீழே வருமாறு சிறிது நகர்த்திக்கொண்டோம். வங்குகளுக்கு இடைப்பட்ட வெறும் பலகையின் மீது சுமை ஏறலாகாது.

மூன்று தாங்கிகள் என்றால் ஓர் ஆபத்து உண்டு. நடுத்தாங்கி மயிரிழை உயர்ந்துவிட்டாலும் தோணி முழுவதும் அதன்மேல் ஊஞ்சலாடும். இதனைக் கண்டறியத் தாத்தா ஒரு வழி சொன்னார். தோணியை வைத்தபின் ஏரா மரத்திற்கும் ஒவ்வொரு தாங்கிக்கும் இடையே ஒரு காகிதத்தைச் செருகி இழுத்துப் பார்க்க வேண்டும். மூன்று காகிதங்களும் ஒரே மாதிரி இறுகியிருந்தால் சரி. ஒன்று எளிதாக உருவிக்கொண்டு வந்தால் அங்கே இன்னும் ஒரு மடிப்புக் கம்பளி வேண்டும். தாங்கிகளுக்கு இடையே இருந்த வெற்றிடங்களை ஸ்பாஞ்சுத் துண்டுகளாலும், பழந்துணி அடைத்த சிறு தலையணைகளாலும் நிரப்பினோம். அத்தலையணைகளைத் தைத்துத் தந்தவர்கள் எங்கள் அன்னையர். தோணி அதில் அமர்ந்தபோது தாத்தா கையை நாற்புறமும் செருகிப் பார்த்துவிட்டு, “இப்ப கடலு கொஞ்சம் வந்திருக்கு” என்றார்.

காரில் எங்கே வைப்பது?

தோணியை நீளவாக்கில், இயன்றவரை தாழ்வாக வைக்க வேண்டும். காரின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் உள்ள பகுதியே மேடுபள்ளங்களில் அதிகம் தூக்கிப் போடும். பேருந்தின் கடைசி இருக்கையில் அமர்ந்தவர்களுக்கு இது தெரியும். ஆகவே தோணியின் எடைமையம் முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடையில் வருமாறு இயன்ற அளவு முன்னால் தள்ளி வைத்தோம். எடைமையத்தை அறிவது எளிது. ஓர் உருட்டுக்கட்டையின்மேல் தோணியைத் துணியோடு வைத்து, எந்த இடத்தில் சமனாக நிற்கிறது என்று பார்த்து அங்கே சுண்ணாம்புக்கட்டியால் குறியிட்டால் போதும்.

எப்படிக் கட்டுவது?

இங்கே இரண்டு விதிகள் உள. தோணியைத் தொட்டிலோடு கட்ட வேண்டும். தொட்டிலைக் காரோடு கட்ட வேண்டும். தோணியை நேரே காரோடு கட்டினால் கார் குலுங்கும்போதெல்லாம் கயிறு தோணியைப் பிய்க்கும்.

தோணியைத் தொட்டிலோடு கட்ட மெல்லிய கயிறு ஆகாது. அழுத்தம் என்பது பரப்பைப் பொறுத்தது. அரை சென்டிமீட்டர் கயிற்றுக்குப் பதிலாக 10 சென்டிமீட்டர் அகலப் பருத்திச் சேலைக் கிழிசலைப் பயன்படுத்தினால் அழுத்தம் இருபதில் ஒரு பங்காகக் குறைகிறது. தாங்கிகள் இருக்கும் மூன்று இடங்களுக்கு நேர் மேலேயே சுற்றிக் கட்டினோம். மற்ற இடங்களில் இறுக்கினால் பலகை உட்குழியும்.

தொட்டிலைக் காரோடு கட்டும்போது, நான்கு மூலைகளிலிருந்தும் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கற்குறி வடிவில் கட்டினோம். அப்போதுதான் அது முன்னும் போகாது, பின்னும் போகாது, பக்கவாட்டிலும் நழுவாது. காரின் தரையிலிருந்த இரும்பு வளையங்களிலும், இருக்கைகளின் இரும்புக் கால்களிலும் கட்டினோம்; கதவின் கைப்பிடியில் கட்டக்கூடாது. பலகையின் முன்முனைக்கும் முன்னிருக்கையின் முதுகுக்கும் இடையே கெட்டியாகச் சுருட்டிய மெத்தை ஒன்றைச் செருகினோம். கயிறு எவ்வளவு இறுக்கினாலும் சிறிது தூரத்தில் தளரும். ஆதலால் முதல் 5 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி இறுக்கிப் பார்ப்பது அவசியம்.

பயணத்தின்போது

காரில் ஓட்டுபவர், முன்னிருக்கையில் தாத்தா, மடக்காத ஒற்றை இருக்கையில் எங்கள் தோழி ஆகிய மூவர் மட்டுமே சென்றனர். மூவரும் சீட் பெல்ட் அணிந்திருந்தனர். யாருடைய கையும் தோணிமேல் இல்லை. மனிதர் பிடித்துக்கொள்ள வேண்டிய நிலையில் ஒரு பொருள் இருக்குமானால் அது சரியாகக் கட்டப்படவில்லை என்பதே பொருள். மற்ற நாங்கள் சகோதரியுடன் பேருந்தில் சென்றோம். புறப்படுமுன் சகோதரி எங்களை நிற்கவைத்து ஒரு சிறு செபம் சொன்னார்.

அதிகாலை ஐந்தரை மணிக்குக் கார் புறப்பட்டது. காரணம் இரண்டு. போக்குவரத்து குறைவு, வெயிலும் இல்லை. வெளியே 35 பாகை வெப்பம் இருக்கும்போது மூடிய கார் வெயிலில் நின்றால் உள்ளே 50 பாகைக்கும் மேல் ஏறிவிடும். அச்சூட்டில் மரப்பசை இளகும். மெழுகு தடவிய நூல் தளரும். வழியில் நிறுத்த நேர்ந்தால் நிழலில் நிறுத்த வேண்டும்.

வேகத்தடைகளில் ஏறுமுன்பே வேகத்தைக் குறைத்து ஊர்ந்து செல்ல வேண்டும். ஏறிய பிறகு பிரேக் பிடிப்பதில் பயனில்லை. முன்னே செல்லும் வண்டிக்கும் நமக்கும் வழக்கத்தைவிட இரு மடங்கு இடைவெளி விட வேண்டும். வாகைக்குளம், வல்லநாடு, தாமிரபரணிப் பாலம் என்று கடந்து, பேருந்தில் சென்ற எங்களுக்குப் பின்னர்தான் கார் வந்து சேர்ந்தது. அதுவரை எங்கள் நெஞ்சம் பட்ட பாட்டை எழுத்தில் வடிக்க இயலாது.

இறக்குதலும் திரும்புதலும்

ஊர் வந்து சேர்ந்ததும் அவசரம் வரும். அதுவே ஆபத்தான நேரம். இறக்கவேண்டிய வழியை முதலில் நடந்து பார்த்தோம். படிகள் எத்தனை, கதவு எத்தனை அகலம், மேசை தயாரா என்று அறிந்த பின்னரே கட்டுகளை அவிழ்த்தோம். தோணியைத் தூக்காமல் தொட்டிலைத் தூக்கினோம். நால்வர் நான்கு மூலைகளில். ஐந்தாமவள் முன்னே நடந்து வழி சொன்னாள். ஒருத்தி மட்டுமே ‘ஒன்று, இரண்டு, மூன்று’ சொல்ல வேண்டும். இருவர் சொன்னால் தோணிக்கு இரண்டு எசமானர் ஆகிவிடும்.

பசை, நூல், ஊசி, கத்தரி, சிறு உளி, உப்புத்தாள், இரண்டு உதிரிக் கொக்கிகள் அடங்கிய பெட்டி ஒன்றையும் கொண்டு சென்றோம். அப்பெட்டியைத் திறக்க வேண்டிய தேவை எழவில்லை. எண்களைப் பார்த்துக் கயிறுகளை மாட்டினோம். அரைமணி நேரத்தில் பாய்மரம் நிமிர்ந்தது; பாய் ஏறிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரும்பும் பயணத்தில் களைப்பும் அலட்சியமும் வரும். ‘வீட்டுக்குத்தானே போகிறோம்’ என்ற எண்ணமே எங்கள் முதல் விபத்துக்கும் காரணம். ஆகவே வந்தபோது செய்த அனைத்தையும் ஒன்றுவிடாமல் திரும்பும்போதும் செய்தோம். இன்று அத்தோணி நம் பள்ளி நூலகத்தில், அதே தொட்டிலின்மேல் வீற்றிருக்கிறது. பார்த்திருப்பீர்கள்.

நாங்கள் கற்ற பாடம்

புயல் அடித்த இரவில் நம் ஆண்டவர் படகின் பின்னணியத்தில் தலையணை வைத்துத் துயின்றார் என்று புனித மாற்கு எழுதுகிறார். சீடர்கள் அலறினர், அவரோ அமைதியாக இருந்தார். தாங்குகிற கை எது என்று அறிந்தவருக்கு அச்சமில்லை.

இதை எங்களுக்கு நினைவூட்டியது கண்காட்சி முடிந்த மாலையில் எங்கள் தோழி சொன்ன ஒரு செய்தி. தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டை வரை முன்னிருக்கையில் அமர்ந்திருந்த தாத்தா, வேகத்தடைகளில் கார் ஏறி இறங்கியபோதும், பாலத்தில் அதிர்ந்தபோதும், தாம் கட்டிய கடைசித் தோணி என்ன ஆயிற்று என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையாம். “ஏன் தாத்தா?” என்று அவள் கேட்டாளாம். “பிள்ளைக கட்டுன கட்டு, எதுக்குப் பாக்கணும்?” என்றாராம்.

கண்காட்சியில் எங்களுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. ஆனால் முதற்பரிசு அதற்கு முன்பே, காரிலேயே கிடைத்துவிட்டது என்போம்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர் சார்பில் ஒரு மாணவி